மாவுக்கட்டோடு ஆறு வாரம்: கட்டு போட்ட கையையும் காலையும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

போன மழைக்காலத்தில் அம்மா மும்பை தாராவியில் எங்கள் சந்து முனைப் படியில் வழுக்கி, விழும்போது வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டு போட்டு முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அவ்வளவுதான். அன்று ராத்திரி பதினோரு மணிக்குப் பார்த்தால் அம்மாவின் விரல்கள் உருண்டு திரண்டு, மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. என்ன செய்வதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் தம்பிக்குக் கணுக்கால் முறிந்தபோதும் இதே தவிப்புதான். இரண்டு முறையும் எலும்பு டாக்டரிடமும் பிசியோதெரபி செய்பவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று. கட்டுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள்தான் அதைச் சொல்லும். காலையில் எழுந்ததும், ராத்திரி படுக்கும் முன்பும், நடுவில் நினைவு வரும்போதெல்லாமும் அந்த விரல்களைப் பாருங்கள்.

எந்தக் கட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

அடிபட்ட அன்று பெரும்பாலும் ஸ்லாப்தான் போடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் மாவுப்பட்டை, மேலே கிரேப் பேண்டேஜ் சுற்று. வீக்கம் ஏறினால் விரிய இடம் வேண்டும் என்பதற்காக இப்படி. ஒரு வாரம் போல ஆகி வீக்கம் வடிந்ததும் முழுக்கட்டு போடுவார்கள். அது மாவுக்கட்டாக இருக்கலாம், ஃபைபர் கட்டாகவும் இருக்கலாம்.

மாவு என்று நாம் சொல்வது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இந்த ஊரில் பிள்ளையார் சிலை செய்கிறார்களே, அதே தூள். ஜிப்சத்தைச் சூடாக்கி நீரைப் போக்கி எடுத்தது. மறுபடி தண்ணீர் பட்டால் கல்லாக இறுகும், இறுகும்போது சூடு வெளியாகும். கட்டு போட்டவுடன் கை கதகதவென்று இருப்பது அதனால்தான். அந்தச் சூடு சில நிமிடத்தில் தணிந்துவிடும். தணியாமல் எரிச்சலாக இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஃபைபர் கட்டு எடை குறைவு, சீக்கிரம் இறுகும், விலை கூடுதல். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிப்பக்கம் தாங்கும் என்பது உண்மை. உள்ளே தோலை ஒட்டி இருப்பது பஞ்சு. அது நனைந்தால் காயவே காயாது, தோல் ஊறிப் புண்ணாகும்.

வீட்டுக்கு வந்ததும்: நகை, கயிறு, மெட்டி

கையில் அடி என்றால் மோதிரம், வளையல், சாமிக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். காலில் அடி என்றால் கொலுசும் மெட்டியும். வீக்கம் கட்டு போட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் ஏறும். மெட்டியைக் கழற்ற மனசு வராத பெரியவர்கள் இருப்பார்கள். எங்கள் அம்மாவும் மோதிரத்தைக் கழற்ற மறுத்தவர்தான். இறுகிய வளையத்துக்குப் பின்னால் விரலுக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இறுகிவிட்டதா? கையைக் கொஞ்ச நேரம் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டின் மேல் சொட்டாதபடி விரலுக்கு மட்டும் சோப்புக் குழைவு தடவி, மோதிரத்தை முன்னும் பின்னும் திருகித் திருகி நகர்த்துங்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் வீக்கம் இன்னும் கூடும். அசையவில்லை என்றால் மருத்துவமனையில் மோதிரம் வெட்டும் சின்னக் கருவி இருக்கிறது. அம்மாவுக்கு அந்த ராத்திரி அப்படித்தான் வெட்டி எடுத்தார்கள். தங்கத்தை அப்புறம் பற்றவைத்துக்கொள்ளலாம்.

மாவு காயும்வரை

மாவுக்கட்டு சில நிமிடத்தில் இறுகிவிடும், ஆனால் முழுசாகக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். மும்பை ஜூலை ஈரத்தில் கொஞ்சம் கூடவே ஆகும். அதுவரை அது பச்சை மண் சுவர் மாதிரி, அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி உள்பக்கம் தோலை அழுத்திப் புண் உண்டாக்கும். அதனால் தூக்கும்போது விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கை இரண்டையும் விரித்துத் தாங்குங்கள். கட்டை வெறும் தரையிலோ மேசை விளிம்பிலோ வைக்க வேண்டாம், மெத்தென்ற தலையணை மேல் வையுங்கள். போர்வையால் மூட வேண்டாம். ஃபேன் காற்று போதும். அடுப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்க விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். ஈரமாக இருந்தால் மொத்தென்று சத்தம் வரும், காய்ந்திருந்தால் பானையைத் தட்டியது போலக் கணீர் என்று கேட்கும். நிறமும் சாம்பலிலிருந்து பளிச்சென்ற வெள்ளைக்கு மாறியிருக்கும்.

முதல் மூன்று நாள்

இந்த மூன்று நாளில்தான் வீட்டார் வேலை அதிகம். அடிபட்ட கையோ காலோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். காலுக்கு ஒரு தலையணை போதாது, இரண்டு மூன்று அடுக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் இது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். நாங்கள் அரிசி டின்னைச் சுவரோரம் படுக்கவைத்து, மேலே பழைய மெத்தையை மடித்துப் போட்டுத் தம்பியின் காலை வைத்தோம். குதிகால் மட்டும் டின்னைத் தாண்டி அந்தரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அங்கே புண் வரும்.

கையில் கட்டு என்றால் பகலில் கழுத்தில் மாட்டும் ஸ்லிங் உதவும். அதில் கை தொங்கக் கூடாது. முழங்கையைவிட மணிக்கட்டு கொஞ்சம் மேலே இருக்கும்படி பட்டையைச் சுருக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றித் தலையணை மேல் உயர்த்தி வைப்பது இன்னும் நல்லது.

ஐஸ் வைக்கலாம். ஐஸ் கட்டியை நீர் கசியாத பையில் போட்டு, துண்டு சுற்றி, கட்டின் மேலேயே கால் மணி நேரம் வைத்து எடுங்கள். கட்டு நனையக் கூடாது.

விரல்களை அசைக்க வேண்டும். மூடித் திறந்து, மூடித் திறந்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து முறை. "வலிக்குதும்மா, விடு" என்பார்கள். அன்பாக, ஆனால் விடாமல் செய்யச் சொல்லுங்கள். வீக்கம் வடிவதும் இதனால்தான், பின்னால் விரல் விறைத்துப் போகாமல் இருப்பதும் இதனால்தான். டாக்டர் தடுக்கவில்லை என்றால் கட்டுக்குள் வராத மூட்டுகளுக்கும் வேலை கொடுங்கள். மணிக்கட்டில் அடி என்று தோளை ஒரு மாதம் அசைக்காமல் வைத்திருந்தால், கடைசியில் மணிக்கட்டைவிடத் தோள்தான் தொல்லை தரும்.

விரலைப் பார்ப்பது எப்படி

நகத்தை உங்கள் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் நல்ல கையின் அதே விரலில் அழுத்தி ஒப்பிடுங்கள். நகச்சாயம் இருந்தால் முதல் நாளே அழித்துவிடுங்கள். பிறகு தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறதா? கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். கடைசியாக, அவரே விரலை மடக்கி நீட்டட்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே கிளம்புங்கள்:

- மாத்திரை போட்டும், உயர்த்தி வைத்தும் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது.
- நீங்கள் மெதுவாக விரலை நீட்டிவிட்டாலே உயிர் போகிற மாதிரி வலிப்பது.
- விரல்கள் நீலமாக, வெளிறி அல்லது சில்லென்று இருப்பது, மரத்துப் போவது, அசைக்க முடியாமல் போவது.
- கட்டு திடீரென்று மிக இறுக்கமாகத் தோன்றுவது.
- காலில் கட்டு இருப்பவருக்குக் கெண்டைச் சதையில் வலி கூடுவது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நடக்கவைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

முதல் இரண்டும்தான் மிக முக்கியம். கட்டுக்குள் தசை வீங்கி, விரிய இடமில்லாமல், ரத்த ஓட்டம் நெரிபடுகிறது என்பதன் அடையாளம் அவை. சில மணி நேரத்திலேயே தசை செத்துப் போகும். பிறகு விரல்கள் பறவை நகம் போல மடங்கியே நின்றுவிடும். இறுக்கமான கட்டினால் இப்படி ஆவதை 1881-லேயே ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மான் விளக்கி எழுதினார். இன்றும் அந்த ஊனம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. முழங்கைக்கு மேல் முறிந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சமாதானமே ஆகாமல் அழுவதும், மாத்திரை கொடுத்தும் அடங்காததும்தான் அது சொல்லும் வழி.

இப்படிச் சந்தேகம் வந்துவிட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம், நெஞ்சு மட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாப் என்றால் மேலே சுற்றிய கிரேப் பேண்டேஜை மட்டும் தளர்த்தலாம், மாவுப்பட்டையை எடுக்கக் கூடாது. முழுக்கட்டு என்றால் மருத்துவமனையில்தான் பிளந்துவிட வேண்டும். சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் ராத்திரியும் அவசரப் பிரிவு திறந்திருக்கும்.

அங்கே போய் மொழி தெரியாமல் நின்ற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். "வலிக்குது" என்பதை மட்டும் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். மரத்துப்போனதைச் சொல்லத் தெரிவதில்லை, டாக்டருக்கு அதுவும் முக்கியம். இந்தச் சொற்களை ஒரு சீட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீக்கத்துக்கு இந்தியில் 'சூஜன்', மராத்தியில் 'சூஜ்'. மரத்துப்போயிற்று என்பதற்கு இந்தியில் 'சுன் ஹோ கயா'. எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்போமே, மராத்தியிலும் அதே எறும்புதான்: 'முங்க்யா யேத்தாத்'. கட்டு இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு 'பிளாஸ்டர் டைட் ஹை' போதும். டாக்டர் 'உங்க்லி ஹிலாவோ' என்றால் விரலை அசைக்கச் சொல்கிறார்.

குளியலும் கழிப்பறையும்

1. கட்டின் மேல் விளிம்பில், தோலும் கட்டும் சேரும் இடத்தில், சின்னத் துண்டைச் சுற்றுங்கள். வழியும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும்.
2. அதற்கு மேல் நீளமான பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டி டேப் ஒட்டுங்கள். அதன்மேல் இன்னொரு பை, டேப் இன்னும் சற்று மேலே. 2018-இல் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு இங்கே கடைகளில் கேரிபேக் கிடைப்பது குறைந்துவிட்டது. குப்பைக் கூடைக்கு வாங்கும் பெரிய பை சரியாக இருக்கும். ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். ரப்பர் பேண்டால் இறுக்க வேண்டாம்.
3. நாற்காலியிலோ ஸ்டூலிலோ உட்கார்ந்து, மறு கையால் சொம்பில் மொண்டு ஊற்றட்டும். கட்டு போட்ட கை தண்ணீர் படாத பக்கம், கதவுக்கு வெளியே நீட்டியிருந்தால் இன்னும் நல்லது.
4. முடிந்ததும் பையை உடனே கழற்றுங்கள். உள்ளே வியர்வை தங்கும்.

உண்மையில் முதல் வாரம் ஈரத்துணியால் துடைத்துவிடுவதே போதும்.

கால் கட்டுக்குப் பெரிய சோதனை கழிப்பறை. சால் என்கிற வரிசை அறைக் குடியிருப்பு வீடுகளில் பொதுக் கழிப்பறை, குத்துக்காலிட்டு உட்காரும் வகை, தரை எப்போதும் ஈரம். காலில் கட்டோடு அதில் உட்காரவே முடியாது. நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மருத்துவச் சாமான் கடைகளில் விற்பனைக்கும் வாடகைக்கும் கிடைக்கும். தம்பிக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்து, வீட்டு மூலையில் புடவைத் திரை கட்டிக் கொடுத்தோம். அவனுக்கு முதலில் கூச்சம். இரண்டு நாளில் பழகிவிட்டது. வெட்கப்பட்டுச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு, அதைக் கவனியுங்கள்.

கட்டு நனைந்துவிட்டால்? மாவு குழைந்துவிட்டது என்றால் அது எலும்பைப் பிடிக்காது, புதிதாகப் போட வேண்டும். ஃபைபரில் வெளியே மட்டும் பட்டிருந்தால் துடைத்து, ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் காட்டுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா பக்கம் தண்ணீர் நின்றால் காலில் கட்டோடு அதில் இறங்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். டாக்டர் பார்க்கும் தேதியாக இருந்தால் போன் செய்து மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அரிப்பு

பத்தாம் நாள் போல அரிப்பு ஆரம்பிக்கும். ஸ்கேல், பென்சில், ஊக்கு, தென்னங்குச்சி என்று கைக்குக் கிடைத்ததை உள்ளே விடுவார்கள். தோல் கீறினால் காற்றில்லாத ஈர இடத்தில் அது சீழ் வைக்கும், வெளியே தெரியவும் தெரியாது. பவுடர் கொட்டுவதும் தேங்காய் எண்ணெய் விடுவதும் அதே அளவு தவறு. பவுடர் வியர்வையில் கட்டியாகித் தோலை உரசும்.

கட்டின் மேல் லேசாகத் தட்டுங்கள். ஹேர் டிரையரின் குளிர்காற்றை விளிம்பு வழியாக விடுங்கள். ஐஸ் பையும் அடக்கும். தாங்கவே முடியவில்லை என்றால் டாக்டர் மாத்திரை தருவார். குழந்தைகள் காசு, பொம்மைத் துண்டு, சாதப் பருக்கை எல்லாம் உள்ளே போட்டுவிடும். தினமும் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். கெட்ட வாடை, கட்டின் மேல் புதிதாகத் தெரியும் கறை, காய்ச்சல், ஒரே இடத்தில் எரிச்சல் என்றால் உள்ளே புண் என்று வைத்துக்கொண்டு காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே புண் வரும், அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

விளிம்பு குத்தினால் மேலே மென்மையான டேப் ஒட்டலாம். கட்டை நீங்களே வெட்டாதீர்கள், உள்ளே உள்ள பஞ்சைப் பிய்க்காதீர்கள்.

ஊன்றுகோலும் ஏணியும்

காலை ஊன்றலாமா, எவ்வளவு ஊன்றலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கக்கத்து ஊன்றுகோலின் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை முழுவதும் கைப்பிடியில், உள்ளங்கையில் இருக்க வேண்டும். கக்கத்தில் தொங்கினால் அங்குள்ள நரம்பு நசுங்கிக் கை மரத்துவிடும். ஊன்றுகோலின் ரப்பர் முனை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஈரத் தரையில் அதுதான் காப்பாற்றும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கட்டுக் கால். இறங்கும்போது ஊன்றுகோலும் கட்டுக் காலும் முதலில், பிறகு நல்ல கால். கூடவே ஒருவர் வர வேண்டும். ஏறும்போது அவர் பின்னால், இறங்கும்போது முன்னால். மாடி அறைக்கு இரும்பு ஏணி வைத்த வீடுகளில் ஊன்றுகோலோடு ஏற முயலவே வேண்டாம். ஆறு வாரமும் படுக்கை கீழேதான். சிமெண்டுப் படி என்றால் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை.

சாப்பாடு, பிரண்டை, புத்தூர்

முறிந்த எலும்பு ஒட்டுவதற்குப் புரதமும் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும். பால், தயிர், முட்டை, பருப்பு, மீன், கீரை போதும். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, காலையில் கூழோ அடையோ கொடுங்கள். ஆட்டுக்கால் சூப்பில் நாம் நினைக்கிற அளவு கால்சியம் இல்லை. ருசிக்காகக் குடிக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பிரண்டையை இங்குள்ளவர்கள் 'ஹாட்ஜோட்' என்பார்கள், எலும்பை ஒட்டவைப்பது என்று பொருள். துவையலாகச் சாப்பிடுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். பீடி, சிகரெட்டை இந்த நாட்களிலாவது நிறுத்த வேண்டும். எலும்பு கூடுவதை அது உறுதியாகத் தாமதப்படுத்தும்.

யாராவது ஒரு சொந்தக்காரர் புத்தூர் கட்டைப் பற்றி நிச்சயம் சொல்வார். அந்த நம்பிக்கையை நான் அவமதிக்கவில்லை. ஆனால் போட்ட கட்டைப் பிரித்துவிட்டு, வீங்கிய கையில் மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்வது மிக ஆபத்து. மேலே சொன்ன ரத்த ஓட்டப் பிரச்சினை அப்படியேதான் வரும்.

மறுபடி பார்க்கும் நாள்

வலி இல்லை என்று இதைத் தவிர்ப்பவர்கள் நிறைய. வீக்கம் வடிந்ததும் கட்டு தொளதொளவென்று ஆகும், உள்ளே எலும்பு நகரலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் எடுக்கும் எக்ஸ்ரே அதைக் காட்டும். அப்போதே தெரிந்தால் சரிசெய்வது எளிது, கோணலாகக் கூடிவிட்ட பிறகு கடினம். பழைய எக்ஸ்ரே, சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, மழை படாமல் எடுத்துப் போங்கள்.

எத்தனை நாள் என்பது எலும்பைப் பொறுத்தது. குழந்தையின் முன்கை மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் கூடிவிடும். பெரியவர்களின் மணிக்கட்டு, கணுக்காலுக்கு ஆறு வாரம் போல. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு மாதக்கணக்கு.

கட்டு பிரித்த பிறகு

வெட்டும் மெஷின் பெரிய சத்தம் போடும், குழந்தைகள் அலறும். அதன் தகடு சுழல்வதில்லை, அதிர மட்டும் செய்கிறது. கெட்டியான கட்டை வெட்டும், மென்மையான தோல் அதோடு சேர்ந்து அசைந்து தப்பிக்கும். சூடாகத் தெரிந்தால் மட்டும் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

அம்மாவின் கையை முதலில் பார்த்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. மெலிந்து, மீன் செதில் போலத் தோல் உரிந்து, ஒரு வாடை வேறு. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சோப்பால் மெல்லக் கழுவி, ஒற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோலைத் தேய்த்து உரிக்க வேண்டாம், ஒரு வாரத்தில் தானே போகும்.

அழுத்தி உருவிவிட ஆள் கூப்பிடாதீர்கள். முக்கியமாக முழங்கையில். அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை, வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கையை வைத்தபடி, ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தடவை அவரே செய்யட்டும். சாயங்காலமானால் வீங்கும், சில வாரம் அப்படி இருக்கும், உயர்த்தி வைத்தால் வடியும்.

அம்மா முதல் வாரம் டீ டம்ளரைப் பிடித்தார். மூன்றாவது வாரம் சப்பாத்தி மாவு பிசைய ஆசைப்பட்டார், கொஞ்சமாகக் கொடுத்தோம். ஈரத்துணி பிழியவும் தண்ணீர்க் குடம் தூக்கவும் டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டோம், அதற்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.